அடங்கும் நெல்லும் அடங்காத வழக்கும்

காலபோக அறுவடை முடிந்து, சூடு மிதித்து, பொலி தூற்றிக் குவித்திருந்த களம், மாசி மாதத்து மாலைப்பொழுது, ஆண்டு 1981. உருத்திரபுரத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களில் ஒன்றிலே நிகழ்ந்த செய்தி இது. யான் அப்போது பத்து வயதுச் சிறுவன். நெல் கொள்ள வந்த வியாபாரி ஒருவர் தம் அளவுப்பெட்டியைப் பொலியருகே வைத்து அளக்கத் தொடங்கினார். பெட்டி நிறையும். நிறைந்ததும் அவர் தம் குதிக்காலால் அதன் பக்கத்தில் மூன்று முறை உதைப்பார். விளிம்பு மட்டத்தில் நின்ற நெல் கீழே இறங்கும். இறங்கிய இடத்தை மீண்டும் நெல்லால் நிரப்பிக் கட்டையால் தலைதட்டுவார். அதன் பின்னரே "ஒன்று" என்று எண்ணுவார்.

எந்தையார் சிறிது நேரம் பொறுத்திருந்தார். பின்னர், "தட்டாமல் அளவுங்கோ" என்றார்.

"பெட்டி ஒண்டுதானே அண்ணை! தட்டினால் என்ன, தட்டாட்டி என்ன?" என்று நகைத்த வியாபாரி, என் பக்கம் திரும்பி, "தம்பி, நீயும் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறாய். பெட்டி மாறினதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அந்த "இல்லை" பொய்யன்று, பெட்டி மாறவில்லை. ஆயினும் அது மெய்யுமன்று. எந்தையார் என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நூறு புசல் அளந்து முடிந்தது. கணக்குக் கொப்பியில் நூறு என்றே எழுதினார். அந்தக் கொப்பி 2008ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் ஊர்விட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயிற்று. எந்தையாரும் இப்போது இல்லை. வழக்கு மட்டும் என் நெஞ்சில் அடங்காமல் இருந்தது. ஒரே பெட்டியில் ஒரே நெல் எவ்வாறு இருவேறு அளவாகும்? தட்டத் தட்ட நெல் எதுவரை இறங்கும்? இதற்கு எல்லை உண்டா?

இலக்கணம் கற்பிப்பவனுக்கு இக்கேள்வி புறம்பானது எனச் சிலர் கருதலாம். அன்று. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது நாம் மாணவருக்குச் சொல்லும் பாடம். தொல்காப்பியனாரும் எழுத்ததிகாரத்தில், அளவுப்பெயருக்கும் நிறைப்பெயருக்கும் முதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என விதிக்கும்போது, அளவு, நிறை என இரண்டையும் வேறு வேறாகவே எண்ணினார். முகந்து அளப்பது வேறு. நிறுத்து அளப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பல ஆண்டுகள் வாயாற் கற்பித்த யான், அதன் பொருளை அண்மையிலேதான் கையாற் கற்றேன்.

ஆயிரம் தட்டு

எம் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் ஒருநாள் இப்பழங்கதையைச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. "உங்கள் வியாபாரி செய்த காரியத்தை ஆராய்ந்து உலகெங்கும் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்" என்றார். அவர் சொல்ல யான் அறிந்தது இது.

1995ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் யேகர், சிட்னி நேகல் என்போரும் அவர்தம் மாணவரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒடுங்கிய நீண்ட குழாய் ஒன்றில் இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள கண்ணாடி மணிகளைத் தளர்வாக நிரப்பினர். அப்போது குழாயின் இடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டுப் பங்கே மணி, எஞ்சியது வெற்றிடம். பின்னர் குழாயைக் கீழிருந்து ஒரு தட்டு, சிறிது ஓய்வு, மீண்டும் ஒரு தட்டு. இவ்வாறு பதினாயிரக்கணக்கில் தட்டிக்கொண்டே போயினர். மணிகள் இறங்கின, நெருங்கின. ஆனால் வரவர மிக மெதுவாக நெருங்கின. ஓய்ந்துவிட்டன என்று சொல்லவும் இயலவில்லை. இறங்குகின்றன என்று கண்ணாற் காணவும் இயலவில்லை.

கேட்டுவிட்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. பக்கம் நேரான உயர்ந்த கண்ணாடிச் சாடி ஒன்றில் அடிக்கோலை ஒட்டி, முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நெல்லை மெல்லச் சொரிந்து, வகுப்பறை மேசைமேல் வைத்தோம். மாணவர் முறைவைத்து விரலால் மெல்லத் தட்டினர். பத்துத் தட்டில் நெல் எட்டு மில்லிமீற்றர் அளவு இறங்கிற்று. அடுத்த பத்துத் தட்டில் இன்னும் எட்டு இறங்கும் எனப் பிள்ளைகள் எதிர்பார்த்தனர். இறங்கவில்லை. அடுத்த எட்டு இறங்குவதற்கு நூறாவது தட்டுவரை செல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த எட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் தட்டு. இரண்டு பாடவேளை முடிந்து மணியும் அடித்தது.

"சேர், இது எப்பதான் நிக்கும்?" என்றாள் ஒரு மாணவி.

நல்ல கேள்வி. பத்து, நூறு, ஆயிரம் எனத் தட்டு பெருக்கத்திற் செல்ல, இறக்கம் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டலிற் செல்கிறது. இத்தகைய உறவையே கணித நூலார் மடக்கை என்பர். அடுத்த படிக்குப் பதினாயிரம், அதற்கடுத்ததற்கு இலட்சம். முடிவு அருகிலேதான் உள்ளது. ஆனால் அதனை அடையும் காலம் நம் ஆயுளுள் அடங்காது. இதனையே அறிஞர் மந்த இயக்கம் என்கின்றனர்.

எங்ஙனம் இம்மந்தம் வந்தது? நெல்மணிக்குச் சோம்பல் இல்லை. ஒவ்வொரு தட்டும் ஒரே வலிவுடையது. பின் ஏன் ஆயிரமாவது தட்டு முதல் தட்டின் வேலையைச் செய்யவில்லை? இதற்கு விடை காணவே அறிஞர்கள் சில எளிய மாதிரியுருக்களை அமைத்தனர். அவற்றுள் நெல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் போன்ற இரண்டொரு விதிகளே உள்ளன. அவ்விதிகளுக்குள் இம்மந்தம் முழுவதும் அடங்கிக் கிடப்பதே வியப்பு.

கோயில் வீதியிற் சைக்கிள்கள்

முதலாவது மாதிரியுருவுக்கு வண்டித் தரிப்பிட மாதிரியுரு என்று பெயர். எங்கள் உருத்திரபுரீசுவரர் கோயில் வீதியை நினைத்துக்கொள்க. திருவிழாநாள். நீண்ட மதில் ஓரமாக வருவோர் தத்தம் சைக்கிளைச் சாத்துகின்றனர். கோடு இல்லை, ஒழுங்கு இல்லை, கண்ட இடத்திற் சாத்துகின்றனர். ஒருமுறை சாத்தியதை எவரும் அசைப்பதில்லை. சிறிது நேரத்தில் இனி ஒரு சைக்கிளுக்கும் இடமில்லை என்ற நிலை வந்துவிடும். ஆனால் மதிலின் முழு நீளமும் நிறைந்துவிட்டதா? இல்லை. இரண்டு சைக்கிள்களுக்கு இடையே அரைச் சைக்கிள் இடம், முக்காற் சைக்கிள் இடம் எனச் சிறு சிறு வெளிகள் வீணாகக் கிடக்கும். இவ்வாறு நிறையும்போது நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கே நிறையும் என்பதை அங்கேரி நாட்டுக் கணித அறிஞர் அல்பிரெட் ரெனி 1958ஆம் ஆண்டிலே கணித்துக் காட்டினார். எஞ்சிய இருபத்தைந்து பங்கும் இருக்கிறது. ஆனால் பயன்படாத துண்டுகளாக இருக்கிறது.

இனி, விதியைச் சிறிது மாற்றுவோம். சிலர் இடையிடையே சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்கின்றனர். எடுத்த இடத்தில் வேறொருவர் சற்று இப்பாலோ அப்பாலோ தள்ளிச் சாத்துகிறார். அதனால் பக்கத்து வெளி சிறிது பெருக்கும் அல்லது சிறுக்கும். தற்செயலாகப் பல சிறு வெளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு முழுச் சைக்கிளுக்கு இடம் விடுமாயின், புதிதாக ஒன்று நுழைந்துவிடும். இதுதான் அடங்குதல். தட்டும்போது நெல்லுக்கு நேர்வதும் இதுவே. ஒரு மணி எழுந்து சற்றே புரண்டு விழுகிறது. வெளி இடம் மாறுகிறது. எப்போதோ ஒருமுறை ஒரு முழு மணிக்கு இடம் பிறக்கிறது.

தொடக்கத்தில் வெளிகள் பெரியவை. இரண்டு சைக்கிள் நகர்ந்தாற் போதும், மூன்றாவதற்கு இடமாகும். நெருக்கம் கூடக் கூட வெளிகள் சிறுத்துப்போகின்றன. அப்போது ஒரு சைக்கிளுக்கு இடம் விட ஐந்து சைக்கிள்கள் ஒரே பக்கமாக நகரவேண்டும், பின்னர் பத்து, பின்னர் இருபது. அவை தம்முள் பேசி நகர்வன அல்ல. தற்செயலாகவே அவ்வாறு நேரவேண்டும்.

தற்செயலின் கணக்கு யாது? ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழ இரண்டில் ஒரு வாய்ப்பு. பத்து நாணயத்தைச் சுண்டிப் பத்தும் தலையாக விழ ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு வாய்ப்பு. இருபதும் தலையாக விழப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுள் ஒன்றே வாய்ப்பு. நாணயம் இரட்டித்தது, காத்திருக்கும் காலமோ ஆயிரம் மடங்காயிற்று. சாடியில் நாம் கண்ட மடக்கை பிறந்த இடம் இதுவே. 1994இல் கிராபிவ்ஸ்கி, பென்-நைம் என்போர் இம்மாதிரியுருவின் கணக்கைச் செய்தனர். 1998இல் பென்-நைம் சிக்காகோக் குழுவினருடன் சேர்ந்து அதனை மணிக்குழாய்ப் பரிசோதனையோடு பொருத்திக் காட்டினார்.

நம் துணைக்கண்டத்திலும் இத்துறை தழைத்தது. பின்னாளில் கொல்கத்தாவின் சத்தியேந்திரநாத் போசு தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் பணியாற்றிய அனிதா மேத்தா என்னும் பெண்மணி, பார்க்கர் என்பாருடன் சேர்ந்து 1991ஆம் ஆண்டிலேயே, அதாவது சிக்காகோப் பரிசோதனைக்கு முன்னரே, குலுக்கப்படும் மணிகளைக் கணினியில் ஆராய்ந்தார். மணிகளின் அசைவு இருவகைப்படும் என்பது அவர்தம் கருத்து. தனி மணி தனக்கு அருகிலுள்ள குழியில் விழுவது ஒன்று. பல மணிகள் கூடி இடம் மாறுவது மற்றொன்று. முன்னது விரைவானது, பின்னது மந்தமானது. முதற் பத்துத் தட்டில் தனி அசைவு. பின்னர் எஞ்சுவதெல்லாம் கூட்டு அசைவு. 2003இல் அவரே லக் என்னும் பிரெஞ்சு அறிஞருடன், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒற்றை நிரல் மணிகளை மட்டும் கொண்டு இம்மந்தத்தை விளக்கும் மாதிரியுரு ஒன்றையும் அமைத்தார்.

எழுவோரும் இருப்போரும்

இரண்டாவது மாதிரியுருவில் இடநெருக்கமும் இல்லை. அனுமதி ஒன்றே உண்டு. 1984இல் பிரெட்ரிக்சன், அண்டர்சன் என்னும் இருவர் வகுத்த நெறி இது: ஒருவர் அசையலாம், ஆனால் அவர்தம் அயலார் அசையும் நிலையில் இருந்தால் மட்டுமே அசையலாம். 1991இல் யேக்லே, ஐசிங்கர் என்னும் செருமானியர் அதனை இன்னும் சுருக்கி, ஒரு பக்கத்து அயலாரை மட்டுமே பார்க்கும்படி அமைத்தனர். இதனை யான் வகுப்பிலேயே ஆடிப்பார்த்தேன். ஆசிரிய அன்பர்களும் ஆடிப்பார்க்கலாம்.

மாணவரை விறாந்தையில் ஒரே வரிசையாக அமர்த்துக. இடப்பக்கத்து ஓரத்தில் ஆசிரியர் எப்போதும் நிற்பார். விதி ஒன்று: எந்த மாணவனும் எழலாம், அமரலாம், ஆனால் அவனுக்கு இடப்பக்கத்தவர் நின்றுகொண்டிருந்தால் மட்டுமே. விதி இரண்டு: ஒரே வேளையில் நிற்கும் மாணவர் தொகை குறித்த எண்ணை மிஞ்சலாகாது. கேள்வி: எத்தனையாவது மாணவன்வரை எழுப்பலாம்?

ஒருவரே நிற்கலாம் எனின் முதலாம் மாணவனோடு சரி. இருவர் நிற்கலாம் எனின், முதலாமவன் எழுவான். அவனைப் பார்த்து இரண்டாமவன் எழுவான். ஆசிரியர் நிற்பதால் முதலாமவன் அமர்ந்துகொள்ளலாம். இப்போது இரண்டாமவனைப் பார்த்து மூன்றாமவன் எழலாம். நான்காமவன்? முடியாது. அவன் எழவேண்டுமாயின் இரண்டாமவன் அமர வேண்டும். இரண்டாமவன் அமர முதலாமவன் மறுபடி எழ வேண்டும். அப்போது மூவர் நின்றுவிடுவர். மூவர் நிற்கலாம் என விதியைத் தளர்த்தினால் ஏழாமவன்வரை செல்லலாம். நால்வர் எனின் பதினைந்தாமவன்வரை.

பிள்ளைகள் இதில் ஒன்றைத் தாமாகவே கண்டுகொண்டனர். முன்னே ஒருவன் எழுவதற்குப் பின்னே பலர் எழுந்து எழுந்து அமர வேண்டியிருக்கிறது. செய்ததைக் கலைத்து மறுபடி செய்யாமல் ஓரடியும் முன்செல்ல இயலாது. தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒரே வேளையில் நிற்போர் இன்னும் ஒருவர் கூடவேண்டும். பொருள் குளிரும்போது நிற்போர் அருகிவிடுவர். பத்துப் பேரில் ஒருவரே நிற்கும் நிலையெனின், இன்னும் ஒருவர் உடனிற்பதற்கு ஏறக்குறையப் பத்து மடங்கு காத்திருக்க வேண்டும். நூற்றில் ஒருவர் எனின் நூறு மடங்கு. வழியிலே சுவர் இல்லை. எவரும் எவரையும் தடுக்கவில்லை. ஆயினும் வரிசை உறைந்ததுபோல் கிடக்கிறது.

இதனை எழுதும்போது ஒரு நினைவு வருகிறது. இடம்பெயர்ந்து மீண்ட பின்னர், தொலைந்துபோன எம் காணிப் பத்திரத்துக்குப் பிரதி பெறவேண்டி ஓர் அலுவலகத்தின் படி ஏறினேன். ஒவ்வொரு மேசையிலும் இருந்தவர் நல்லவரே. ஆனால் முதல் மேசையார் ஒப்பமிட அடுத்த மேசையார் இருக்க வேண்டும். அவர் இருக்கும்போது இவர் விடுமுறை. ஈராண்டு சென்றது. எவரையும் குறை சொல்ல என்னால் இயலவில்லை. அன்று விளங்காத காரணம் இவ்விளையாட்டில் விளங்கிற்று. தடை எந்த மனிதரிடத்தும் இல்லாமல் விதியின் பிணைப்பிலேயே இருத்தல் கூடும்.

கண்ணாடியின் முதுமை

நெல்லைப் பற்றித் தொடங்கிக் குளிர்தலைப் பற்றிப் பேசுவானேன் எனின், கண்ணாடியும் நெற்குவியலும் இவ்வகையில் உறவுடையன. கண்ணாடி மணலிலிருந்து வருவது. மணலை உருக்கி ஆறவிடும்போது, உள்ளே உள்ள நுண்துகள்கள் படிகம்போல் அணிவகுத்து நிற்க நேரம் போதாமல், உருகிய நிலையின் ஒழுங்கின்மையோடே இறுகிவிடுகின்றன. நீர் பனிக்கட்டியாவது ஒரு குறித்த வெப்பநிலையில் நிகழ்வது. கண்ணாடிக்கு அத்தகைய கணம் இல்லை. வெப்பநிலை சிறிது சிறிதாகக் குறைய, அசைவு கோடி கோடி மடங்கு மந்தமாகி, இனி அசையாது என நாம் சொல்லும் நிலையை அடைகிறது. நெல்லுக்குத் தட்டு எதுவோ, கண்ணாடிக்கு வெப்பம் அது.

ஐரோப்பியக் கோயில்களின் பழங்கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, அவை நூற்றாண்டுகளாக வழிந்தன என்று சொல்வாருண்டு. அது தவறு. சாதாரண வெப்பநிலையில் அவை கண்காண வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது என்பதைப் பிரேசில் நாட்டு அறிஞர் சனோட்டோ 1998இல் கணித்துக் காட்டினார். தட்டு வேற்றுமை அக்காலத்துச் செய்முறையால் வந்தது. மெதுவாக வழிவதைக் காணவேண்டுமாயின் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்குச் செல்க. அங்கே தோமஸ் பார்னெல் என்பார் 1927இல் கீலை ஒரு புனலில் இட்டு வைத்தார். 1930இல் புனலின் அடியைத் திறந்தார். சுத்தியலால் அடித்தால் உடையும் அக்கீல், 2014வரை ஒன்பது துளிகளே சொட்டிற்று.

இத்தகைய பொருள்களுக்கு மூப்பும் உண்டு. 1978இல் ஸ்ட்ருயிக் என்னும் ஒல்லாந்தர் பிளாஸ்ரிக் வகைகளை ஆராய்ந்து கண்டது: இறுகிய பின்னர் ஒரு நாள் இருந்த பொருளைவிட, ஓராண்டு இருந்த பொருள் சுமைக்கு வளைந்து கொடுக்க அதிக காலம் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் வாளா இருந்ததோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு அதன் மறுமொழியும் தாமதிக்கிறது. இதற்கும் எளிய மாதிரியுரு ஒன்றைப் பிரெஞ்சுக்காரராகிய பூஷோ 1992இல் அமைத்தார். குழிகள் நிறைந்த வெளியில் ஒருவன் அலைகிறான் எனக் கொள்க. சில குழி ஆழம் குறைந்தது. சில மிக ஆழமானது. விழுந்த குழியிலிருந்து ஏறி அடுத்ததில் விழுகிறான். நெடுங்காலம் அலைந்தவன் எங்கே இருப்பான்? தான் கண்டவற்றுள் மிக ஆழமான குழியிலே இருப்பான். ஏனெனில் அங்கேதான் காலத்தின் பெரும்பகுதி கழியும். ஆகவே அவனை நாம் எவ்வளவு பிந்திச் சென்று பார்க்கிறோமோ, அவன் வெளியேறவும் அவ்வளவு பிந்தும்.

ஒரே உயரம், வேறு வரலாறு

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

1989இல் சாம் எட்வர்ட்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் அவர்தம் மாணவர் ஓக்சொட்டும் மணிக்குவியலுக்கு ஒரு பொதுக்கொள்கை வகுக்க முயன்றனர். வாயுவுக்குச் சத்தி எப்படியோ, குவியலுக்கு அது அடைத்துக்கொள்ளும் இடம் அப்படி என்பது அவர் கருத்து. அழகான கருத்து. அதன்படி, ஒரே இடத்தை அடைத்துக்கொள்ளும் இரு குவியல்கள் ஒரே தன்மையன ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டில் யேகரும் அவர் தோழரும் இதனைச் சோதித்தனர். ஒரே உயரத்துக்கு மணிகளை வெவ்வேறு வழிகளிற் கொண்டுவந்தனர். ஒன்று வலிந்த தட்டுக்களால் அந்த உயரத்துக்கு வந்தது. மற்றொன்று மெல்லிய தட்டுக்களால் வந்தது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பின்னர் இரண்டையும் ஒரே வலிவோடு தட்டினர். ஒன்று ஒருவாறு நடந்தது. மற்றது வேறுவாறு நடந்தது. குவியல் தான் வந்த வழியை நினைவில் வைத்திருந்தது. உயரம் மட்டும் அதன் நிலையைச் சொல்லப் போதவில்லை.

இதைக் கேட்ட அன்று என் தந்தையாரின் முகம் நினைவுக்கு வந்தது. "பெட்டி ஒண்டுதானே" என்றார் வியாபாரி. பெட்டி ஒன்றே; மட்டம் ஒன்றே; எண்ணும் ஒன்றே. ஆனால் அந்த மட்டத்துக்கு நெல் வந்த வழி ஒன்றன்று. முகத்தலளவை பெட்டியைப் பொறுத்தது மட்டுமன்று. அளப்பவர் கையையும் காலையும் பொறுத்தது. நிறை அவ்வாறன்று. தட்டினாலும் தட்டாவிட்டாலும் அது மாறாது. அளவையும் நிறையையும் நம் முன்னோர் ஏன் இருவேறு பெயராற் பிரித்து வைத்தனர் என்பதற்கு இதனினும் நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

சாடியை மீண்டும் வெறுமையாக்கி, முப்பது சென்ரிமீற்றருக்கு நெல் சொரிந்து, அந்த வியாபாரியின் குதிக்காலை நினைத்துக்கொண்டு மேசையின்மேல் மூன்று முறை பலமாகக் குத்தினேன். நெல் இருபத்தெட்டரையில் வந்து நின்றது. இருபதில் ஒரு பங்கு. நூறு புசலுக்கு ஐந்து புசல். புசலொன்று நம் நாட்டில் ஏறத்தாழ இருபத்தொரு கிலோக்கிராம் நெல். ஆகவே நூறு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று உதைக்கு இவ்வளவு. அவர் நான்காவது முறை ஏன் உதைக்கவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. நான்காவதில் ஆதாயம் மிகக் குறைவு. மடக்கையை அவர் பள்ளியிற் கற்றிருக்கமாட்டார்; களத்திற் கற்றிருந்தார்.

இதே அறிவை நேர்மையாகப் பயன்படுத்துவோரும் உளர். குளக்கட்டுக்கு மண் கொட்டுவோர் ஒரேயடியாகக் கொட்டி உருளை ஓட்டுவதில்லை. மெல்லிய படையாகப் பரப்பி, அளவாக ஈரமாக்கி, சில முறை உருளையை ஓட்டி, அதன்மேல் அடுத்த படையைப் பரப்புவர். அந்த ஈரத்தின் அளவை 1933இல் அமெரிக்கப் பொறியியலாளர் புரொக்டர் வரையறுத்தார். முதற் சில ஓட்டத்திலே மண் பெரிதும் இறுகும். பின்னர் நூறுமுறை ஓட்டினும் பயன் சிறிதே. ஆகவே ஒரே படையில் உழைப்பை வீணாக்காமல் புதிய படைக்குச் செல்கின்றனர். மணிகளை மிக நெருக்கமாக அடுக்குவதற்கும் ஒரு வழி உண்டு: முதலில் வலிந்து குலுக்கி, பின்னர் குலுக்கலைப் படிப்படியாக மெலிவித்தல். 1998இற் சிக்காகோவினர் இதனைக் காட்டினர். தொடக்கம் முதல் மெல்லத் தட்டினால் மணிகள் தளர்ந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. கடைசிவரை வலிந்து தட்டினால் அடங்கியவையும் கலைந்துபோகின்றன.

சென்ற காலபோகத்தில், சாடியைத் தட்டிய மாணவருள் ஒருவன் என்னிடம் வந்தான். தம் வீட்டுக் களத்தில் அயலார் ஒருவருக்கு விதைநெல் கைமாற்றாகக் கொடுக்கும்போது, கொடுத்தது சொரிந்த அளவு, திரும்பி வந்தது குலுக்கிய அளவு. அதாவது அயலார் கூடவே தந்துவிட்டார் என்றும், தான் அதைச் சொல்லித் தராசில் நிறுத்து மிகுதியைத் திருப்பிக் கொடுப்பித்ததாகவும் சொன்னான். "ஐயா கொஞ்சம் கோபப்பட்டவர் சேர். பிறகு ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

யான் அன்று களத்தில் "இல்லை" என்று சொன்ன அதே வயதுதான் அவனுக்கும். பெட்டி மாறவில்லை என்பதோடு நில்லாமல், "ஆனால் தட்டினவர்" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஐந்து புசல் மீண்டிருக்குமோ, மீண்டிராதோ. எந்தையார் என்னைப் பார்த்த பார்வை வேறாயிருக்கும்.

சாடி இன்றும் எம் வகுப்பறை மூலையில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் ஒரு தட்டுத் தட்டிச் செல்வர். எண்ணிக்கையைச் சுவரிற் கீறி வைக்கின்றனர். பதினாயிரத்தை இன்னும் எட்டவில்லை.